எந்தப் பக்கத்துப் பல்

ஜனவரி 9
(எழுதி, தபாலில் சேர்க்காமல் விட்டது)

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா?

'நலம்' என்று எழுதிவிட்டு அரை மணி நேரமாக அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது பொய். உன் அத்தானுக்கு மேல்வரிசையில் முன்பல் நாலு போய்விட்டது. நவம்பரில் பஸ் நிலையப் படிக்கட்டு ஈரத்தில் வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் வாய் மோதிவிட்டது. இங்கேயே ஒரு டாக்டரிடம் பல் செட் கட்டினோம். மாட்டிய மூணாம் நாள் மைக்கில் வண்டி அறிவித்துக்கொண்டிருந்தாராம். செட் கழன்று மைக் மேலேயே விழுந்திருக்கிறது. 'டக்' என்ற சத்தம் எட்டு நடைமேடைக்கும் கேட்டிருக்கிறது. எட்டு நடைமேடையும் சிரித்திருக்கிறது. அவர் மைக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து பேசுவதில்லை. என்னிடமும்தான். எது வேண்டுமானாலும் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுகிறார். தூங்கும்போதுகூட வண்டி நேரம் சொல்லுகிற மனுஷன் தம்பி அவர். பார்சல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் வாய் சரியானால் மைக் அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். மைக் போனால் போகட்டும். அவர் என்னிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும், சொல்லு.

நீ அங்கே பல் செய்கிற லேபில் இருக்கிறாய். உன்னிடம் கேட்கலாமா என்றேன். 'அவனிடம் கேட்கக் கூடாது' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். ஆறு வருஷம் முன்னால் நீ பரீட்சையில் தவறி வீட்டை விட்டுப் போனபோது அவர் செய்த காரியத்துக்கு, உன்னிடம் உதவி கேட்கத் தகுதி இல்லையாம். நீயும் அன்றிலிருந்து அவர் பேரை எடுத்ததே இல்லை. நான் இப்போது இதை அனுப்பினால்


ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், பல்லைத் தவிர. உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் எப்படி?

விஷயம் இதுதான். கடை வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, தெளித்தவளே வழுக்கி விழுந்தேன். ஜெராக்ஸ் மெஷின் மூலையில் வாய் மோதி மேலே முன்பல் நாலு போய்விட்டது. இங்கே கட்டிய செட் நிற்கவில்லை. உன் ஊருக்கே வந்து, நீ வேலை செய்கிற இடத்தில் பல் செய்யக் கொடுக்கும் டாக்டரிடமே காட்டிக்கொண்டு, உன் கையாலேயே பல் செய்து மாட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். வெளிநாட்டுப் பயணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று எழுது. செப்டம்பருக்குள் முடிய வேண்டும். ஏன் செப்டம்பர் என்று கேட்காதே, ஒரு ஆசைதான்.

போன் செய்யாதே. பல் இல்லாமல் பேசினால் எனக்குக் காற்றுத்தான் வருகிறது. கேட்டால் நீ சிரிப்பாய், எனக்கு அழுகை வரும். கடிதமே போதும்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

நான் நலம். குளிர் இருக்கிறது. லேபில் அடுப்புப் பக்கத்தில் என் மேசை, அதனால் பாதகமில்லை.

நாலு பல் போகும்படி விழுந்துவிட்டு, குளிர் எப்படி என்று விசாரிக்கிற ஆள் நீ ஒருத்திதான். உதடு கிழிந்ததா? தாடை எலும்புக்கு ஒன்றும் இல்லையே? எக்ஸ்ரே எடுத்தாயா? எதையுமே எழுதவில்லை. விழுந்தது என்றைக்கு என்றுகூட இல்லை.

இங்கே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நல்லவர், பொறுமைசாலி. அவருக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, எந்தெந்தப் பல் போயிருக்கிறது என்று சரியான கணக்கு. மேல்வரிசையின் நடுவிலிருந்து இடது பக்கம் எத்தனை, வலது பக்கம் எத்தனை என்று எழுது. இன்னொன்று, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் அச்சு. உள்ளூர் டாக்டரிடம் போனால் மாவு மாதிரி ஒன்றை வாயில் வைத்து அளவெடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றிக் கொடுப்பார். நன்றாகக் காய்ந்த பிறகு பஞ்சு சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பு. அதைப் பார்த்தால் உன் வாயையே நேரில் பார்த்த மாதிரி.

வீட்டில் எல்லாரும் சுகமா? எல்லாரும் என்றால் எல்லாரும்தான்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்த அன்று கடையில் கூட்டம். ஒருத்தருடைய வீட்டுப் பத்திரத்தை முப்பது நகல் எடுத்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். பத்திரத்தில் பாதி கோணலாக வந்து, அவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

கணக்கு கேட்டாய். நடுவிலிருந்து இடது பக்கம் மூணு, வலது பக்கம் ஒண்ணு. நன்றாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. உதடு ஆறிவிட்டது. விழுந்தது நவம்பரில். இல்லை, டிசம்பர் கடைசி. வலியில் தேதி எங்கே ஞாபகம் இருக்கிறது?

அச்சு எடுத்தாயிற்று. இன்று பார்சலில் சேர்த்துவிட்டேன். பெட்டி மேல் என் பேரும் 'உடையும் பொருள்' என்றும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? ஆறு வருஷமாக 'அக்கா நலமா' என்று மட்டும் கேட்பவன், இப்போது 'எல்லாரும்' என்கிறாய். எல்லாரும் என்றால் நானும் உன் அத்தானும்தான். இரண்டு பேரும் சுகம். அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்கா,

நலம். பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. பஞ்சு வைக்கச் சொன்னேன், தலையணையையே பிரித்து வைத்திருக்கிறாய் போல.

அச்சைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீ இடது பக்கம் மூணு என்கிறாய். அச்சில் வலது பக்கம் மூணு போயிருக்கிறது, இடது பக்கம் ஒண்ணுதான் போயிருக்கிறது. பல் வேலையில் இடது வலது எல்லாம் வாய்க்குச் சொந்தக்காரருடைய இடது வலதுதான். டாக்டரும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'உங்க அக்கா யாரைப் பார்த்து எண்ணினாங்க?' என்று கேட்டார்.

இன்னும் இருக்கிறது. இந்தத் தாடை அகலம். உன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும், உனக்கு இவ்வளவு பெரிய தாடை இல்லை. கீழ்வரிசையில் ஓரத்துப் பல் இரண்டின் நுனி அரைவட்டமாகத் தேய்ந்திருக்கிறது. வருஷக்கணக்காக எதையோ கடித்துக்கொண்டே இருக்கிறவருக்குத்தான் இப்படித் தேயும். உனக்கு அப்படி ஏதாவது பழக்கம் உண்டா? உள்ளூர் டாக்டர் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டாரா? விசாரித்து எழுது. வேறு ஆளுடைய வாய்க்குப் பல் செய்துவிட்டு உன்னை மாட்டச் சொல்ல முடியாது.

நிதானமாக யோசித்து எழுது அக்கா. அவசரமில்லை.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துப் பேந்தப் பேந்த விழித்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. நான் கண்ணாடியில் பார்த்து எண்ணினேன். கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும் இல்லையா? அதுதான் தப்பு. வலது மூணு, இடது ஒண்ணு. டாக்டரிடம் சொல்லு, உன் அக்கா பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் என்று.

தாடை பெரிதாக இருக்கிறது என்றால் என்ன செய்வது? பேசிப் பேசி வளர்ந்திருக்கும். கடையில் பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம் உண்டு. வேறு யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டது. பெட்டி மாறவில்லை, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதாவது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் குழப்பம் வராமல் இருக்க, உனக்கு எழுதுகிற கடிதத்தை எல்லாம் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மெஷின் நம் வீட்டுடையதுதானே. விழுந்தது டிசம்பர் 28 என்று முடிவு செய்துவிட்டேன்.

பயணத்துக்கு வேண்டிய கடிதத்தைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லு. நாள் ஓடுகிறது. நீ சரியாகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

நலம். இதோடு டாக்டரின் கடிதம் இருக்கிறது. உன் பேரில்தான் வாங்கியிருக்கிறேன். ஆகஸ்ட் 3, காலை பத்து மணி. இதையும் நான் எழுதிய அழைப்புக் கடிதத்தையும் விசா அலுவலகத்தில் கொடு. என் வீடு ஒரே அறை. நீ கட்டிலில், நான் தரையில்.

பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள். நோயாளியின் பேர், அச்சின் பெட்டியில் எழுதிய பேர், பாஸ்போர்ட்டில் இருக்கிற பேர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லச் சொன்னார். வேறு ஏதாவது பேரில் வாங்க வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடு. அப்புறம் மாற்ற முடியாது.

ஒரு சின்ன விஷயம். கண்ணாடியில் பார்த்தால் பக்கம் மாறாது அக்கா. உன் வலது பல் கண்ணாடியிலும் வலது கைப் பக்கம்தான் தெரியும். எதிரில் இன்னொருத்தர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தால்தான் மாறும். போகட்டும்.

வேறு சொல்ல ஒன்றுமில்லை. உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.

அன்புடன்,
தம்பி


மே 24

அன்புத் தம்பிக்கு,

நலமா? பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் கடைசிக் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். இவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று தோன்றியது. கண்ணாடி முன்னால் நின்று வலது பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

விசா வந்துவிட்டது. எனக்கு.

அலுவலகத்தில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மா, 'ரொம்ப வலிக்குதாம்மா?' என்று கேட்டார். தலையை ஆட்டினேன். 'பேசாதீங்க, பேசாதீங்க' என்று தண்ணீர் கொடுத்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாவின் நல்ல மனசுக்கு நான் எந்த ஜென்மத்தில் பதில் சொல்வது?

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். மனைவி பேரில் வந்த விசாவில் வீட்டுக்காரர் வரலாமா? இல்லை, பேரை மட்டும் திருத்தித் தருவார்களா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 12

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை. உன் பதில் வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஜனவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி.

படித்தாயா? எனக்கு முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக இருக்கிறது. அச்சு எடுக்க, 'இங்கேயே வேறு செட் கட்டலாம்' என்று பொய் சொல்லித்தான் அவரைக் கூட்டிப்போனேன். எண்ணியதும் எதிரில் நின்றுதான்.

நான் போட்ட திட்டம் மொத்தமும் இதுதான்: எல்லாம் தயாரானதும் கடைசி நிமிஷத்தில் அவரை அனுப்பிவிடலாம், அப்போது நீயும் மறுக்க மாட்டாய், அவரும் மறுக்க மாட்டார். விசா பேருக்குத்தான் கொடுப்பார்கள், பல்லுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது என் மர மண்டையில் ஏறவே இல்லை. புதிதாக விண்ணப்பித்தால் நாலு மாதம் என்கிறார்கள். செப்டம்பர் தாண்டிவிடும்.

நேற்று பாஸ்போர்ட்டை அவர் பார்த்துவிட்டார். டாக்டர் கடிதத்தையும் படித்தார். படித்துவிட்டு என்ன நினைத்தார் தெரியுமா? எனக்கு வாயில் ஏதோ பெரிய வியாதி, அவரிடம் மறைத்துக்கொண்டு நான் தனியாக வைத்தியத்துக்குப் போகப்போகிறேன் என்று. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார். அழுதார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. உடனே உதட்டை மூடிக்கொண்டு சீட்டைத் தேடினார். 'என்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ போய்விட்டு வா. நான் சமாளித்துக்கொள்வேன்' என்று எழுதினார். அந்த நிலையில்கூடச் சீட்டில்தான். ஏழு மாதமாக அவர் குரலை நான் கேட்கவில்லை தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. அது எப்படி இருக்கும் என்றே மறந்துபோய்விடுமோ என்று இருக்கிறது.

உண்மையைச் சொன்னேன். கோபிக்கவில்லை. பார்சல் அறைக்குப் போய்விட்டார்.

இனி என்ன செய்வது என்று நீயே சொல்லு.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்க எனக்குத்தான் முகம் இல்லை.

அச்சு வந்த அன்றே தெரியும். மேல் அச்சின் வெளி ஓரத்தில் மூணு முடி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மீசை முடி, அதில் ஒன்று நரை. 'உனக்கு எப்போது மீசை முளைத்தது' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்புறம் கீழ்வரிசைத் தேய்மானத்தைப் பார்த்தேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அது. அந்த வாய்க்கு எதிரில் உட்கார்ந்து நாலு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

தெரிந்தும் உன் பேரிலேயே கடிதம் வாங்கினேன். அவர் கேட்கட்டும் என்று. 'மாப்பிள்ளை, எனக்குப் பல் வேண்டும்' என்று ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கு மைக்கில் என்ன சொன்னார் ஞாபகம் இருக்கிறதா? 'பரீட்சையில் தவறியதால் கோபித்துக்கொண்டு சென்ற எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கிருந்தாலும் உடனே வீடு திரும்பவும். யாரும் திட்ட மாட்டோம். அக்கா சாப்பிடாமல் இருக்கிறாள்.' நான் ஐந்தாவது நடைமேடையில்தான் இருந்தேன். கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள், அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். வந்த வண்டியில் ஏறிவிட்டேன். எட்டு நடைமேடைக்கும் கேட்கச் சொன்னவர், எனக்கு மட்டும் கேட்க ஒரு வார்த்தை சொல்லட்டுமே என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் யாரிடமுமே பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாது அக்கா. பேச வாய் வராத மனுஷன் வாய் திறக்கட்டும் என்று நாலு மாதத்தை வீணாக்கியிருக்கிறேன். அந்த நடைமேடைச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். உன் கடிதத்தைப் படித்த அன்று லேபில் ஒரு பல்லைத் தப்பாகச் செதுக்கிவிட்டேன்.

இப்போது வேலையைப் பார்ப்போம். நான் அங்கே வர முடியாது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், அது வரும்வரை நகர முடியாது. அதனால் நீ வா. விசா உனக்குத்தானே வந்திருக்கிறது. உள்ளூர் டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போய் அச்சைப் புதிதாக எடு. மெழுகுத் தகட்டை வாயில் கொடுத்து ஒரு தடவை கடிக்கச் சொல்லி, அதையும் கொண்டுவா. பழைய போட்டோ ஒன்று வேண்டும், பல் தெரியச் சிரிக்கிறது. இரண்டு வாரத்தில் செய்துவிடுவேன். கடைசியாக ஓரத்தை ராவித் தேய்க்கிற வேலையை மட்டும் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. 'ஆகஸ்ட் மூணாம் தேதி அக்கா வரட்டும், அவங்க பல்லையும் பார்ப்போம்' என்றார்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 24

அத்தானுக்கு வணக்கம்.

நலமா? நான் நலம். இதை அக்கா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவள் வைத்தியத்துக்கு வந்ததும் பொய்யாகவில்லை. கடைவாயில் அவளுக்கே தெரியாமல் ஒரு சொத்தை இருந்தது, டாக்டர் அடைத்துவிட்டார். முப்பத்திரண்டும் கெட்டி என்று எழுதியவள் இங்கே வாயைத் திறந்துகொண்டு கத்திய கத்தலைக் கேட்டிருக்க வேண்டும்.

நீலப் பெட்டியில் செட் இருக்கிறது. அண்ணத்தில் ஒட்டும் பாகத்தை மெல்லிசாகச் செய்திருக்கிறேன், நாக்கு தட்டாது. இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி இருக்கிறது, உங்கள் சொந்தப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். தும்மினாலும் விழாது. இருமினாலும் விழாது. போட்டோவைப் பார்த்து, நடுப்பல் இரண்டுக்கும் நடுவில் முன்பு இருந்த இடைவெளியை அப்படியே விட்டிருக்கிறேன்.

புதிதாகச் செட் மாட்டுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: தினமும் கால் மணி நேரம் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்களிடம் செய்தித்தாளைப் படிக்கச் சொல்வோம். உங்களுக்கு நானே எழுதித் தருகிறேன். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அக்கா மட்டும் இருக்கட்டும். ஒரு வரி படித்து, எச்சில் விழுங்கிவிட்டு அடுத்த வரி. 'ச' வருகிற இடத்தில் விசில் அடிக்கும். அடிக்கட்டும், பத்து நாளில் போய்விடும்.

ஒன்று. சனிக்கிழமை சந்தைக்குச் சென்ற வண்டி சரியான சமயத்தில் வந்து சேர்ந்தது.

இரண்டு. பார்சல் அறையில் இருப்பவர் பார்சல் அறைக்கென்று பிறந்தவர் இல்லை.

மூன்று. ஜெராக்ஸ் கடைக்காரிக்குப் பொய் சொல்லத் தெரியாது, நகல் எடுத்து வைத்துக்கொண்டாலும் தெரியாது.

நான்கு. மைக்குக்குப் பக்கத்தில் இருக்கும் விசாரணை போனுக்கு மாதம் ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, குரலை மாற்றிக்கொண்டு, அணைக்கட்டுக்குப் போகும் ஆறு நாற்பது வண்டி உண்டா என்று கேட்டவன் நான்தான்.

ஐந்து. எனக்கு எந்த வண்டியும் வேண்டாம், நீங்கள் பேசுவதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.

ஆறு. நவம்பருக்குப் பிறகு வேறு யாரோ எடுத்தார்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏழு. பல் இருந்தும் பேசாமல் இருந்தவன் நான், என்னை மன்னித்துவிடுங்கள்.

இவ்வளவுதான். முதல் நாளே ஏழையும் படிக்க வேண்டும் என்றில்லை.

மாப்பிள்ளை


செப்டம்பர் 27

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. சுகம். உன் சுகம் அறிய ஆவல். எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுகிற வரி இது. நான் ஆறு வருஷம் சேர்த்துவைத்து எழுதுகிறேன்.

செட் பொருந்திவிட்டது. இங்கே டாக்டர் ஒரு ஓரத்தை மட்டும் லேசாக ராவினார். யார் செய்தது என்று மூன்று தடவை கேட்டார். என் மச்சினன் என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். சீட்டில் நான் எழுதிய கடைசி வார்த்தை அது.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு, உன் அக்காவை எதிரில் உட்காரவைத்துப் படித்தேன். முதல் வரியில் ஐந்து இடத்தில் விசில் அடித்தது. அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பத்து மாதத்தில் என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அந்தச் சிரிப்புதான். அதைக் கேட்டு அவள் அழ ஆரம்பித்தாள். நான் இரண்டாவது வரிக்குப் போனேன். மூன்றாவது வரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள். நான்காவது வரி நீளம், மூச்சு வாங்கியது. ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். பல்லில் குறை ஒன்றும் இல்லை. மீதி இரண்டு வரியையும் அவள்தான் படித்தாள். தினமும் படிக்கிறேன், இன்றுவரை ஐந்தைத் தாண்டவில்லை.

மைக்கில் உன்னைக் கூப்பிட்டது தப்பு. உன்னைத் தேடி இரண்டு நாள் அலைந்துவிட்டு, வேறு வழி தெரியாமல் செய்தேன். எனக்கு ஒருத்தரைக் கூப்பிடத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனாலும் தப்பு தப்புதான்.

வியாழக்கிழமை நிலைய மேலாளர் கால அட்டவணையை முழுசாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டே இடத்தில் விசில். ஒண்ணாம் தேதியிலிருந்து பழைய நாற்காலி.

அந்த ஆறு நாற்பது ஆளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வண்டியை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. 'அந்த வண்டி இப்ப இல்லைங்க' என்று ஒவ்வொரு மாதமும் சொல்வேன். 'சரிங்க' என்று வைத்துவிட்டு, அடுத்த மாதமும் அதையே கேட்பான். பாவம், ஏதோ குழம்பிப்போன ஆள் போலிருக்கிறது என்று ஒரு நாளும் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னேன்.

வண்டி இன்னும் விடவில்லை. ஆனாலும் நீ கேள். ஒண்ணாம் தேதி காலை ஒன்பது மணியிலிருந்து போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அத்தான்